பிசின் வடியும் மரம்

மாசி மாதத்தில் முந்திரிக் காட்டுக்குள் நுழைகிற வெளியூர்க்காரர் தலையை நிமிர்த்திப் பூவைப் பார்ப்பார். காட்டுக்குச் சொந்தக்காரர் குனிந்து மரத்தின் அடியைப் பார்ப்பார். அரியலூர் மாவட்டத்தில், அலங்கார அன்னை ஆலயம் இருக்கும் வரதராஜன்பேட்டையைச் சுற்றியும் பக்கத்து ஆண்டிமடம் வட்டாரத்திலும், செம்மண்ணில் முந்திரி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தப் பார்வை பொது. மண்ணிலிருந்து இரண்டு முழ உயரத்துக்குள் தேன் நிறத்தில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்து, அதன் கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தால் அவர் முகம் மாறிவிடும். 'பிசின் வடியுது' என்று வீட்டில் வந்து சொன்னால், ஒரு மரத்துக்கு நோய் கண்டுவிட்டது என்று பொருள்.

அந்தக் கட்டியின் பயணத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். அது போயிருக்கும் தூரம் அதைச் சுரண்டி எறிகிறவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்பது என் ஆசை.

கட்டியின் பிறப்பு பெரும்பாலும் ஒரு வண்டிலிருந்து தொடங்குகிறது. தண்டு துளைப்பான் என்பார்கள். செம்பழுப்பு நிறமுள்ள அந்த வண்டு, அடிமரத்துப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு பட்டைக்குள் இறங்கி, வேரிலிருந்து நீர் ஏறும் வழியையே குடைந்து தின்னும். இலை மஞ்சளாகும், உதிரும், கிளை காயும். கவனிக்காமல் விட்டால் மரமே பட்டுப்போகும். புழு குடைந்த இடத்துக்கு மரம் பிசினை அனுப்புகிறது. வெளியே வரும்போது அது குழைந்த பாகு. காற்றும் வெயிலும் பட்டுச் சில நாளில் கண்ணாடித் துண்டுபோல் இறுகிவிடும். காயம் மூடப்படுகிறது, உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமல் தங்குகிறது.

காட்டுக்காரர் செய்வது வேறு. பிசினைச் சுரண்டி எறிந்துவிட்டு, உளியால் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்து, வேப்பெண்ணெய் தடவுவார். தாரும் மண்ணெண்ணெயும் கலந்து அடிமரத்தில் பூசுவதும் உண்டு. மரத்தைக் காப்பாற்ற அதுதான் வழி. எறிந்த பிசினைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை கிடையாது. புத்தகம் தைத்து ஒட்டுகிறவர்களுக்கு மட்டும் முந்திரிப் பிசின் கொஞ்சம் பழக்கம். அதில் ஒட்டிய அட்டையைப் பூச்சி அண்டாது என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

இந்தத் துளியின் தாய்வீடு பிரேசில். வடகிழக்கு பிரேசிலின் கடலோர மணல்வெளிதான் முந்திரி முளைத்த மண். அங்கே நாட்டால் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் பிராங்கி என்னும் ஊரில் ஒரே முந்திரி மரம் ஏறத்தாழ 8,500 சதுர மீட்டருக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்குப் படர்ந்து நிற்கிறது. கிளை மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டு வளர்ந்த மரம் அது. துப்பி மொழிக்காரர்கள் 'அகஜு' என்று சொன்னதைப் போர்த்துகீசியர் 'காஜு' ஆக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் அது கோவாவுக்கு வந்தது. மலையாளத்தில் பறங்கிமாவு என்ற பெயரிலேயே வந்த வழி பதிந்திருக்கிறது. நாம் வந்த வழியை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்துக்கொண்டோம். பழத்துக்கு வெளியே கொட்டை முந்தி நிற்பதால் முந்திரி என்பார்கள். அவசரக்காரனை முந்திரிக்கொட்டை என்று திட்டவும் கற்றுக்கொண்டோம். செம்மண்ணும் காய்ச்சலும் பொறுக்கிற மரம் என்பதால் பண்ருட்டி, விருத்தாசலம், செந்துறை, ஆண்டிமடம் என்று உள்நாட்டுக்குள் வந்து வேரூன்றியது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 இன்றும் இந்தப் பக்கத்துக் காடுகளில் பேசப்படும் ரகம். கொட்டையின் மகசூலும் பருப்பின் தரமும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் அது. பிசினைப் பார்த்து முந்திரியைத் தேர்ந்தெடுக்கிற காலம் இன்னும் வரவில்லை.

துளிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் ஆராய்ந்தவர்களில் எடின்பரோவின் ஆண்டர்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் உண்டு. 1974இல் அவர்கள் முந்திரிப் பிசினைப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். கிடைத்தது சர்க்கரை. நாக்கில் இனிக்கும் சர்க்கரையாக அது இருக்காது. சிறு சர்க்கரைகள் நூற்றுக்கணக்கில் கைகோத்து, கிளைவிட்டுப் பரந்த நெடுஞ்சங்கிலி அது. பாலிசாக்கரைடு என்பார்கள். அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்தும், பருத்தியின் நூலும், வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் கொழகொழப்பும், சுவரொட்டி ஒட்டப் புளியங்கொட்டையிலிருந்து காய்ச்சும் பசையும், கொத்தவரை விதையின் மாவும் எல்லாம் இந்தக் குடும்பம்தான். முந்திரிப் பிசினில் மிகுதியாக இருப்பது கேலக்டோஸ், பாலின் சர்க்கரையில் பாதியாக இருக்கிற அதே பொருள். அதோடு அராபினோஸ், குளுக்கோஸ், ராம்னோஸ், புளிப்புத் தன்மையுள்ள குளுக்குரானிக் அமிலம்.

பிரேசிலில் சியாரா மாநிலத்தின் தலைநகர் ஃபோர்டலேசா. அங்குள்ள கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் ரெஜினா டி பவுலாவும் அவருடைய குழுவும் தங்கள் ஊர் முந்திரிப் பிசினின் இயல்பை 1995இல் விரிவாக எழுதினார்கள். அந்த ஊர்ப் பிசினில் நூற்றுக்கு 72 பங்குக்கு மேல் கேலக்டோஸ். இந்தியப் பிசினில் எடின்பரோ குழு கண்டது 61 பங்கு அளவில். அராபினோஸ் அங்கே ஐந்து பங்கு, இங்கே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மரம் ஒன்றுதான், மண்ணும் மழையும் வேறு. சமையலில் இது பெரிய சங்கதி இல்லை. மருந்தில் பெரிய சங்கதி. இன்றைக்குச் செய்கிற மாத்திரையும் அடுத்த ஆண்டு செய்கிற மாத்திரையும் ஒரே மாதிரி கரைந்தாக வேண்டும். அதனால் வரதராஜன்பேட்டைப் பிசின் மருந்துக்குப் போகவேண்டுமென்றால், அதை இங்கேயே, இந்த மண்ணில் வைத்து அளக்க வேண்டும். ஃபோர்டலேசாவின் அட்டவணையைக் கடன் வாங்க முடியாது.

மருந்துக்குப் பிசின் எதற்கு என்று கேட்கலாம். சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடு, இதை நெய்யில், அதைப் பாலில், இன்னொன்றை வெந்நீரில் என்பார்கள். எதில் ஏறிப் போகிறது என்பதும் மருந்தின் ஒரு பாதி என்ற அறிவு அதில் இருக்கிறது. இன்றைய மருந்தியல் அதே கேள்வியை வேறு கருவிகளோடு கேட்கிறது. சாதாரண மாத்திரை வயிற்றில் விழுந்ததும் கரைந்துவிடும். மருந்து இரத்தத்தில் சட்டென்று ஏறும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும், மறுபடி ஒரு மாத்திரை. ஏறும்போது பக்கவிளைவு, இறங்கும்போது நோய் தலைதூக்கல். இந்த ஏற்றஇறக்கத்தைச் சமப்படுத்த, மருந்தைக் கையில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எஸ்.ஆர். என்றோ எக்ஸ்.ஆர். என்றோ இருந்தால் அது மெதுவாக விடும் மாத்திரை. பெரும்பாலும் அதற்குள் பிடித்துவைக்கிற வேலையைச் செய்வது மரக்கூழிலிருந்தோ பருத்திப் பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ், வேதிமுறையில் கொஞ்சம் மாற்றப்பட்டு ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில் செல்லுலோஸ் என்ற நீண்ட பெயரோடு. வயிற்றில் தண்ணீர் பட்டதும் மாத்திரையின் மேற்பரப்பு ஊறிக் கூழாகிறது. உள்ளிருக்கும் மருந்து அந்தக் கூழைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். முதலில் மேலாக இருப்பது வரும், பிறகு ஆழத்திலிருப்பது. ஆழத்திலிருந்து வர அதிக தூரம், அதிக நேரம். 1961இல் டக்கேரு ஹிகுச்சி என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞர் களிம்பிலிருந்து மருந்து கசிவதைக் கணக்குப் போட்டு இதற்கொரு விதி எழுதினார். வெளிவரும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். இரண்டு பங்கு மருந்து வெளியேற வேண்டுமானால் நான்கு பங்கு நேரமாகும். இதனால்தான் அப்படிப்பட்ட மாத்திரையை மென்று தின்னக் கூடாது, மருத்துவர் சொல்லாமல் உடைத்துப் போடவும் கூடாது என்கிறார்கள். உடைத்தால் பத்து மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக வெளியே வந்துவிடும். மலத்தில் மாத்திரை முழுசாகப் போவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம். மருந்து இறங்கிவிட்டது, வெறும் கூழ்தான் வெளியே வந்திருக்கிறது. இதை மருந்துக்கடையிலேயே ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ வயதானவர்களின் கவலை தீரும்.

முந்திரிப் பிசினால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? அப்படியே போட்டால் முடியாது. ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊறவைத்திருப்பீர்கள். இரவு ஒரு கரண்டி போட்டால் காலையில் பாத்திரம் நிறையப் பொங்கியிருக்கும். ஊறும், உப்பும், ஆனால் கரையாது. முந்திரிப் பிசின் அப்படி நிற்காது. ஊறி, இளகி, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும். மழை பெய்தால் மரத்திலேயே வழிந்துபோகும். மருந்தைப் பிடித்துவைக்கும் கை என்று பார்த்தால் இது விரல் விரிந்த கை. அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் அழுக்கு போக வேண்டும். பட்டைத்துண்டு ஒட்டாத கட்டிகளாகப் பொறுக்கி, பொடித்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அந்தத் தெளிந்த கரைசலில் எத்தனாலை ஊற்றினால் சுத்தப் பிசின் பால் திரிவதுபோல் வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். சாராயத்தில் அது கரையாது. அதைக் கழுவி உலர்த்தினால் பழுப்புக் கண்ணாடித் துண்டு வெள்ளைத் தூளாகிவிடும். வண்டு, பட்டை, செம்மண் எல்லாவற்றின் நினைவும் அங்கே கழன்றுவிடுகிறது.

பிறகு சங்கிலியில் கைவைக்கிறார்கள். ஃபோர்டலேசாவில் 2004இல் செய்து காட்டியது கார்பாக்ஸிமெத்தில் ஏற்றுவது. மோனோகுளோரோ அசெட்டிக் அமிலத்தைக் கொண்டு சங்கிலியில் அங்கங்கே புளிப்புக் குழுக்களை ஒட்டவைப்பது. அந்தக் குழுக்களின் குணம் இடத்துக்கு இடம் மாறும். இரைப்பையின் கடும் அமிலத்தில் அவை மின்னேற்றம் இல்லாமல் அமைதியாக இருக்கும். சிறுகுடலில் அமிலம் குறைந்ததும் எல்லாம் ஒரே மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். சங்கிலி விரியும், தண்ணீர் உள்ளே புகும். இரைப்பையில் வாய்மூடி, குடலில் வாய்திறக்கும் பையை உருவாக்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் குணம் பெரிய வரம். பிசினில் இயல்பாகவே இருக்கும் குளுக்குரானிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோ நேர்மின்னேற்றம் கொண்டது. இரண்டையும் சேர்த்தால் தாமாகவே பற்றிக்கொண்டு மணிகளாகத் திரளும். கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு பிரேசில் மூலிகை எண்ணெயை அந்த மணிகளில் அடைத்து மெதுவாகக் கசியவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடலூரில் இறால் ஓடு குப்பைக்குப் போகிறது, ஆண்டிமடத்தில் பிசின் மண்ணுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அசெட்டிலேற்றம். சங்கிலியில் தண்ணீரை விரும்பும் கைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அவற்றில் பலவற்றை அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடிவிடுகிறார்கள். மூடிய இடம் தண்ணீரை வெறுக்கும், மூடாத இடம் தண்ணீரையே நாடும். இப்போது அந்தச் சங்கிலியைத் தண்ணீருக்குள் கொண்டுவந்தால் அது என்ன செய்யும்? வெறுக்கிற பகுதிகளெல்லாம் உள்ளுக்குள் சுருண்டு ஒளிந்துகொள்ளும், விரும்புகிற பகுதி வெளியே நிற்கும். யாரும் உருட்டாமலே உருண்டை உருவாகிவிடும். 2015இல் வெளிவந்த ஆய்வில் அந்த உருண்டைகளின் சராசரி விட்டம் 200 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்கே சில நூறு உருண்டைகளை அடுக்கலாம். தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்துகள் நிறைய உண்டு. வலிக்கும் வீக்கத்துக்கும் தரும் இண்டோமெத்தசின் அவற்றில் ஒன்று. அது உருண்டையின் உட்பகுதியைத் தன் வீடாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து 72 மணி நேரம் வரை சிறிது சிறிதாக வெளியேறியது. சாதாரணத் தண்ணீரில் நிற்காமல் கரைந்து ஓடிய பொருள், கைகளில் பல மூடப்பட்டதும் மூன்று நாள் ஒன்றைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டது. மரத்தில் அது செய்த வேலையும் இதுதானே. மூடுவது, தாங்குவது, அவசரப்படாமல் இருப்பது.

தமிழ்நாட்டிலும் இந்தத் துளி ஆய்வுக்கூடம் ஏறியிருக்கிறது. உதகமண்டலம் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியினர் மஞ்சளின் குர்குமினையும் முந்திரிப் பிசினையும் சேர்த்து, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிவைக்கும் மாத்திரை செய்து 2012இல் வெளியிட்டார்கள். குர்குமினின் சிக்கல் தெரிந்ததுதான். விழுங்கினால் குடல் கொஞ்சமே எடுத்துக்கொள்ளும், அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கன்னத்துச் சவ்வின் வழியே போனால் கல்லீரலின் முதல் வாசலைத் தாண்டிவிடலாம். அதற்கு ஈரமான சவ்வில் வழுக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்க ஒரு பசை வேண்டும். மரப்பட்டையின் ஈரக் காயத்தில் ஒட்டிப் பழகிய பிசின் கன்னத்திலும் ஒட்டுகிறது. ஈரோட்டு மஞ்சளையும் அரியலூர் முந்திரியையும் ஒரே வில்லையில் நினைத்துப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மருந்தை இறக்கிவைத்தபின் பிசின் எங்கே போகும்? நம் உடம்பில் இந்தக் கேலக்டோஸ் சங்கிலியை வெட்டும் கத்தரி கிடையாது. அதனால், இத்தனை சர்க்கரையா என்று நீரிழிவுக்காரர்கள் அஞ்ச வேண்டாம். அது இரத்தத்தில் சர்க்கரையாக ஏறாது. இரைப்பை, சிறுகுடல் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இப்படிப்பட்ட சங்கிலிகள்தான் உணவு. மருந்து பெருங்குடலில் மட்டும் திறக்க வேண்டும் என்று கொத்தவரைப் பிசினை உறையாகப் போட்டு ஆராய்ந்தவர்கள் நம்பியதும் இந்த நுண்ணுயிர்களைத்தான்.

இவ்வளவும் இருந்தும் முந்திரிப் பிசினின் வாழ்க்கை இன்னும் ஆய்வுத்தாள்களில்தான் அதிகம். கருவேலம் பிசினுக்கு மருந்துத் தர நூல்களில் என்றோ இடம் கிடைத்துவிட்டது. முந்திரிக்கு அந்த நாற்காலி கிடைக்க, தரம் ஒன்றாக இருக்கிறதா, கிருமி இல்லையா, கொட்டை ஓட்டின் தோலைச் சுடும் எண்ணெயின் சாயல் எதுவும் அதில் கலந்திருக்கிறதா, மாற்றும்போது சேர்த்த வேதிப்பொருள் மிச்சமிருக்கிறதா, நாள்பட்ட பயன்பாட்டில் உடம்புக்குத் தீங்கில்லையா என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லியாக வேண்டும். அது நீண்ட வேலை, அவசரப்படக் கூடாத வேலை.

விலை வந்தாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. 2011, 2012இல் அமெரிக்கப் பாறைகளைப் பிளந்து எரிவாயு எடுக்கிறவர்களுக்குக் கொத்தவரைப் பிசின் தேவைப்பட்டபோது ராஜஸ்தானில் அதன் விலை விண்ணுக்கு ஏறியது. நம்பி விதைத்தார்கள், பிறகு விலை சரிந்தது. அது ஆண்டுப் பயிர், அடுத்த முறை மாற்றி விதைத்துக்கொள்ளலாம். முந்திரி மரம் அப்படி இல்லை. பிசினுக்காக மரத்தைக் கீறலாம், எத்திஃபான் போன்ற மருந்து வைத்து அதிகம் வடியவைக்கலாம் என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம்தான். கொட்டைக்காக முப்பது ஆண்டு நிற்கவேண்டிய மரத்தைப் பிசினுக்காகப் பத்தாண்டில் தளர்த்திவிடக் கூடாது. நோய் கண்ட மரத்தில் தானாக வடிந்ததை, சுரண்டி எறிகிற அந்த நாளில், ஒரு சுத்தமான டப்பாவில் போடுவதிலிருந்து தொடங்கினால் போதும். அதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் பல்கலைக்கழகங்களின் கதவுகள் இருக்கின்றன. ஆண்டிமடத்திலிருந்து அவை எட்டாத தூரமில்லை.

பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கி முடிந்து, ஆடியில் காற்று அடித்து ஓய்ந்து, ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து மழை இறங்கும். யாரும் சுரண்டாமல் விட்ட கட்டிகள் அடிமரத்தில் அப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் மழையில் மேலே பளபளப்பு ஏறும், இரண்டாம் நாள் ஓரங்கள் குழையும், நான்கைந்து நாள் விடாமல் பெய்தால் பழுப்புநிறக் கோடாகப் பட்டையில் வழிந்து செம்மண்ணுக்குள் இறங்கிவிடும்.